சதுரங்க மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். பொதுக்குழு கூடியது, நிர்வாகிகள் அப்படியே தொடர்கிறார்கள். வாராந்திர ஆட்டங்கள் பெரும்பாலும் நடந்தன.

இனி ஆண்டுப் போட்டி. ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் காட்டும் புள்ளி) வாரியாகப் பிரிக்காமல் எல்லோரையும் ஒரே ஸ்விஸ் போட்டியில், அதாவது தோற்றாலும் வெளியேறாமல் எல்லாச் சுற்றும் ஆடும் போட்டியில், போட்டது என் யோசனை, அதற்கான திட்டும் எனக்கே வந்தது. ஸ்விஸ் முறையில் முதல் சுற்றில் ரேட்டிங் வரிசையின் மேல்பாதிக்காரர்கள் கீழ்பாதிக்காரர்களோடு ஆட வேண்டும், 24 பேர் என்றால் முதலாமவருக்கு 13ஆமவர். அது பிடிக்காமல் மூத்த உறுப்பினர்கள் சிலர் அந்தச் சுற்றுக்கு அரைப்புள்ளி பை (ஆடாமலே அரைப்புள்ளி தரும் விடுப்பு) கேட்டார்கள், சிலர் சொல்லாமலே வரவில்லை. காரணம் புரியாமல் இல்லை. ரேட்டிங்கில் 400 புள்ளி வித்தியாசம் என்றால், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணை பலமானவரிடம் ஒரு ஆட்டத்துக்கு எதிர்பார்ப்பது 0.92 புள்ளி. ரேட்டிங் எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்லும் கே மதிப்பு 20 என்றால், ஜெயித்தால் ரேட்டிங்கில் ஏறுவது 1.6தான், டிரா ஆனால் 8.4 இறங்கும், தோற்றால் 18.4 போச்சு. சரி, கீழே இருப்பவருக்கு இதே கணக்கு தலைகீழாயிற்றே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

வந்தவர்கள் முதல் பலகையில் பார்த்தார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கறுப்பு. எதிரே நம் மன்றத்தின் பலமான ஆட்டக்காரர், கடைசியில் வெள்ளைக் கட்ட மந்திரியும் ஜி, எச் வரிசைச் சிப்பாய்களும் அவர் கையில், அந்தப் பெண்ணிடம் ஒரு குதிரை மட்டும். நான் முடிவுத்தாளை எடுத்து வைத்துவிட்டேன். அந்தப் பெண் குதிரையைக் கொடுத்து ஜி சிப்பாயை வெட்டிவிட்டு ராஜாவை மூலைக்கு நகர்த்தி உட்கார்ந்துகொண்டார். எச் சிப்பாய் ராணியாக வேண்டிய அந்த மூலை, எச்8, கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டத்தில் ஓடும் மந்திரியால் அந்த மூலையை என்றைக்கும் தாக்க முடியாது. பெரியவரும் விடவில்லை, வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாமல் ஆளுக்கு 50 நகர்த்தல் போனால் டிரா என்னும் விதி வரும்வரை சுற்றிச் சுற்றி வந்தார். டிரா. பிறகு இருவரும் உட்கார்ந்து ஜி சிப்பாயை எப்படிக் காப்பாற்றியிருக்கலாம் என்று அலசினார்கள், மற்ற பலகைகளில் ஆட்டம் முடிந்தவர்களும் கூடிவிட்டார்கள். பிரிவு பிரித்திருந்தால் இந்த இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கவே மாட்டார்கள்.

கணக்கில் வரவும் செலவும் ஏறக்குறைய சமம், விவரம் பொருளாளரிடம் உண்டு. சமம் என்பதுகூட அவர் கைப்பணம் போட்டதால். சந்தா பாக்கிப் பட்டியலையும் பை கேட்டவர்கள் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நிறையப் பெயர்கள் இரண்டிலும் இருக்கின்றன. பெயர் சொல்லவில்லை.

நடுவர்களுக்கும் மேசை நாற்காலி தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் ஒரே பிரிவுதான், நான் இந்தப் பொறுப்பில் இருந்தால். இரண்டு கடிகாரங்கள் பழுது, அவற்றைச் சரிசெய்யச் சந்தாப் பணம் வேண்டும். முதல் சுற்றுக்கு பை கேட்பவர்கள் பாக்கியைக் கட்டிவிட்டுக் கேட்டால் எழுதிக்கொள்கிறேன். வேறு யாராவது செயலாளராக வர விரும்பினால் இந்த மாதத்துக்குள் சொல்லவும்.