ஹெட்டை இறக்குவதற்கு முன்னால்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஈரோட்டில் காலேஜ் சீட் கிடைத்துவிட்டது, என் முழங்கால் பழையபடிதான். நீயாக எழுதுவாய் என்று காத்திருந்தால் நடக்கிற காரியமா? அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

பாய் நேற்று போனில் எல்லாம் சொன்னார். உன் கார் இன்ஜின் சூடாகிறதாம், கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) நிற்கிற ரிசர்வ் டேங்க் பொங்கி வழிகிறதாம், ஒர்க்‌ஷாப்பில் "ஹெட் கேஸ்கட் போச்சு, ஹெட்டை இறக்கி ஃபேசிங் பண்ணணும்" என்றார்களாம், இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டைக் கழற்றி, அதன் அடியில் கசியாமல் அடைக்கிற கேஸ்கட்டை மாற்றி, ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குகிற பெரிய வேலை அது, நீயும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாயாம். தலையாட்டுவதில் உன்னை மிஞ்ச ஆள் ஏது, மாலதி கல்யாணத்திலேயே பார்த்தோமே. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் பொறு.

போன கோடையில் எனக்கும் இதே கதை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, பாதி தாண்டுவதற்குள் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. இங்கேயும் ஒருவர் பார்த்த பார்வையிலேயே ஹெட் வேலை என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். காலையில் பானெட்டைத் தூக்கினால், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. ரிசர்வ் டேங்கோ விளிம்பு வரை நிறைந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திருகினேன், புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஹோஸ் நிமிர்ந்து எழுந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் கூலண்ட் எங்கோ கீழே இருக்கிறது.

கேடு அந்த மூடியில்தான் இருந்தது. அதில் இரண்டு வால்வ் உண்டு. பெரியது, சூட்டில் அழுத்தம் கூடும்போது மிஞ்சிய கூலண்டை டேங்குக்கு விடும். நடுவில் இருக்கும் குட்டி வால்வ், வண்டி ஆறும்போது அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். என் மூடியில் குட்டி வால்வ் துருப்பிடித்து ஒட்டிவிட்டது. போனது திரும்பவே இல்லை, ஓட ஓட ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே வந்திருக்கிறது. சில நூறு ரூபாய் மூடி! கோபத்தில் அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

பெரிய வால்வின் ரப்பர் போனால் இன்னொரு வம்பு. மூடியின் தலையில் 0.9, 1.1 என்று போட்டிருப்பது பார் கணக்கில் அழுத்தம். அந்த அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். நிற்கவில்லை என்றால் 100, ஏற்காடு உயரத்தில் 95. நீ வேறு போர் தண்ணியை ஊற்றிக்கொண்டே இருக்கிறாயாம். கூலண்ட் நீர்த்துப்போவது ஒருபக்கம், ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்து அடைப்பது இன்னொரு பக்கம். நிறுத்து அதை.

கேஸ்கட்டே போயிருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய். முதலில் வரும் ஒன்றிரண்டு குமிழியை விடு, நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் சந்தேகம்தான். இன்னொரு நாள் மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துப் பார், சூடேறும் முன்பே கல்லாக இறுகினாலும் அப்படியே. சைலன்ஸரில் வெள்ளைப் புகை ஓயாமல் வருகிறதா, ஆயில் குறையாமல் பால் காபி நிறத்துக்கு மாறியிருக்கிறதா, அதையும் பார். இது எதுவுமே இல்லையென்றால் ஹெட்டைத் தொட விடாதே.

அப்புறம் எப்போது சூடாகிறது என்று கவனி. டிராஃபிக்கில் நின்றால் ஏறி, பைபாஸில் ஓடினால் இறங்குகிறதா? ரேடியேட்டர் ஃபேனைப் பார். ஏசி போட்டதும் அது சுற்றினால் மோட்டார் நல்லா இருக்கிறது, சூடு பார்த்து அதை ஓடவிடும் சென்சார், ரிலே பக்கம் போ. ஓட்டத்திலும் மேட்டிலும்தான் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பாடி (கூலண்டைச் சுற்றவிடும் பம்ப்), தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட்டைக் "கழட்டி எறிஞ்சுடலாம் சார்" என்பார்கள், கேட்காதே. அது கூலண்ட் ரேடியேட்டருக்குப் போக 82, 88 டிகிரியில் திறப்பதற்காக வைத்த கதவு. கழட்டினால் இன்ஜின் சூடேறவே நேரமாகும், மைலேஜ் போகும், உண்மையான கோளாறும் மறைந்துகொள்ளும்.

இப்போது விளையாட்டில்லாமல் ஒன்று. அம்மாவை டயாலிசிஸுக்கு இந்த வண்டியில் கூட்டிப் போகாதே, சரியாகும் வரை ஆட்டோ பிடி. நடுவழியில் முள் ஏறினால் ஏசியை அணை, ஹீட்டரை முழுசாகத் திற, ஓரம்கட்டி நிறுத்து. ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்தால் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படாதே, கூலண்ட் தீர்ந்து சென்சார் வெறும் காற்றில் நிற்கும்போதும் அப்படித்தான் காட்டும். அதற்கு மேல் ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து, இன்றைக்கு இல்லாத செலவு நிஜமாகவே வந்து சேரும். சூட்டோடு மூடியில் கை வைக்கவே வைக்காதே. முருகேசன் நெஞ்சுத் தழும்பை நீதானே முதலில் பார்த்தவன்.

நாளைக் காலையில் ஹோஸ் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. மூடி வாங்கப் போனால் பழையதைக் கையோடு எடுத்துப் போ, எண் மாறிவிடக் கூடாது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
ராமு