மூன்றாவது தொட்டி

கொழும்பு 13

அன்புள்ள பிள்ளைக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லாம் நீ பார்த்தது தெரிகிறது, மறுமொழிதான் இல்லை. ஆய்வுகூடத்தில் வேலை கூட என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

புது விலாசம் கிடைத்தது. ஓர் அறை வீடு என்று எழுதியிருந்தாய். ஒஸ்லோவில் வாடகை கூட என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

மேல்மாடியில் இரண்டு தொட்டியிலும் மொய்னா, மீன் குஞ்சுக்குப் போடுகிற அந்தச் சின்னத் தண்ணீர் உயிர், நல்லாய் இருக்கிறது. கோழி எருவை விட்டுவிட்டேன். நீ சொன்னபடி ஈஸ்ட்தான், அதுவும் தண்ணீர் லேசாகக் கலங்கும் அளவுக்கு. கூடப் போட்டால் இரவில் காற்றுப் போதாமல் தொட்டி முழுதும் செத்துப்போகும் என்று பதினைந்து வயதிலேயே எனக்குச் சொல்லித் தந்தவள் நீ. சிவந்த மொய்னாதான் திறம் என்று அதுவரை நான் விற்று வந்தேன். தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தால் அது கூடுதலாக ஈமோகுளோபின் உண்டாக்குகிறது, அதனால் வந்த சிவப்பு அது என்றாய். மூச்சுக்கு அந்தரப்படுகிற நிறத்தையா இவ்வளவு காலமும் புழுகினேன் என்று அன்றைக்கு யோசித்தேன். இப்போது கடைக்கு வருகிற பெடியன்களுக்கு நானே நின்று விளக்குகிறேன். என் மகள் இதில்தான் கலாநிதிப் பட்டம் எடுத்தவள் என்றும் சொல்லிவிடுவேன்.

பேரே வாவி இன்னும் பச்சைதான். பஸ் கங்காராமையைத் தாண்டும்போது சனம் மூக்கைப் பொத்துகிறது. அந்தப் பாசிக் கட்டிகள் மொய்னா மாதிரி உயிர்களின் வடிகட்டும் கால்களை அடைத்துவிடும், பாசியைத் தின்ன வேண்டியதே தின்ன முடியாமல் கிடக்கும் என்று நீ கோபப்பட்டது நினைவு வரும். பிள்ளை, இரவில் கதவைப் பூட்டிப் படு.

மூன்றாவது தொட்டியை மாசியில் வற்ற விட்டேன். முழங்கால் நோவு, தண்ணீர் காவ முடியவில்லை. வற்றுவதற்கு முந்தின கிழமை கண்ணாடி போட்டுக் குனிந்து பார்த்தேன். மொய்னாவின் முதுகில் சேணம் வைத்த மாதிரிக் கறுப்பு. நீ காட்டித் தந்ததுதான். சாப்பாடும் இடமும் இருக்கும்வரை பெண் தனியாகவே பெண்ணைப் பெற்றுக்கொண்டு போகும், ஆணே தேவையில்லை. நெருக்கம் கூடிச் சாப்பாடு குறைந்தால்தான் ஆண் பிறக்கும், பிறகு சேணத்துக்குள் உறங்குகிற முட்டை. இதை எழுதும்போது வேறு எதையும் நினைத்து எழுதவில்லை, பிள்ளை.

உன் ஊரில்தானே அந்தப் பேராசிரியர் சார்ஸ் இருந்தார். ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த காய்ந்த சேற்றைத் தண்ணீரில் போட்டு, மொய்னாவுக்குச் சொந்தமான டாப்னியாவில் ஒருவரும் அறியாத ஒரு வகையை வளர்த்து 1885 இல் எழுதினார் என்று, மாப்பிள்ளை ஒஸ்லோவில் என்று நாங்கள் சொன்ன அன்றைக்கு நீ துள்ளித் துள்ளிக் கதைத்தாய். நீ மாப்பிள்ளைக்குச் சம்மதித்தாயா, அந்த ஊருக்கா? நான் கேட்டிருக்க வேணும். நல்ல இடம் தவறிவிடும் என்று அவசரப்பட்டேன்.

இன்னொன்றும் சொல்லியிருக்கிறாய். தின்ன வருகிற பூச்சிப்புழுவின் வாசம் தண்ணீரில் பட்டால், சில டாப்னியாவின் குஞ்சு தலையில் பெரிய கூம்போடு பிறக்கும். வாசம் பட்டது தாய்க்கு, குஞ்சு அந்தப் புழுவைக் கண்டிராவிட்டாலும் கூம்பு இருக்கும் என்று. 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் கதவு தட்டினால் ஒருவரும் உடனே திறப்பதில்லை. நீ பிறந்தது 91 இல். நீயும் திறக்கமாட்டாய். அதை உனக்குத் தந்தது நாங்கள்.

போன கார்த்திகையில், இரவு பதினொரு மணிக்குக் கோல் எடுத்தாய். "அப்பா, நான் கொஞ்ச நாள் அங்க வந்து நிக்கட்டோ?" என்று கேட்டாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. "தனிய வந்தா சனம் என்ன கதைக்கும், சித்திரைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வா" என்றேன். "சரி அப்பா" என்று வைத்துவிட்டாய். சித்திரைக்கும் வரவில்லை. அம்மாவுக்கு இதை நான் இன்றுவரை சொல்லவில்லை. அவள் உன் படத்தைப் பார்த்து, பிள்ளை ஏன் எங்களை மறந்தாள் என்று கேட்கும்போது வேலை கூட என்று சொல்கிறேன். நீ மறக்கவில்லை. தட்டியது என் பிள்ளை என்று தெரிந்தும் நான் திறக்கவில்லை. பிழை என்னுடையது.

உன் அறையில் அடுக்கியிருந்த மீன் பெட்டிகளைக் கீழே இறக்கிவிட்டேன். கரையான் என்று அம்மாவுக்குச் சொன்னேன். புது மெத்தை வாங்கியாயிற்று. சீட்டுக் காசை எடுத்து டிக்கெட்டுக்கு வைத்திருக்கிறேன். தனிய வா. எத்தனை பெட்டி என்றாலும் கொண்டு வா. சாப்பிடாமல் இருக்காதே.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக இரண்டு நாள் வெயிலில் வைத்து, நேற்று மூன்றாவது தொட்டியின் சேற்றுக்கு விட்டேன். இன்னும் ஒன்றும் அசையவில்லை. சில சேணங்கள் மேலே மிதக்கின்றன. அவற்றை அமிழ்த்த வேணுமா, அப்படியே விடவா? இதற்காவது மறுமொழி போடு.