வாசிப்புச் சவாலுக்குப் பக்கக் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புத்தாண்டு பிறந்ததும் 'இந்த ஆண்டு 50 புத்தகம்' என்று வாசகர்கள் அனுப்பும் உறுதிமொழிகளையும், 'வாசித்தே ஆக வேண்டிய 100 நூல்கள்' போன்ற பட்டியல்களையும் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிடுகிறது. நல்ல காரியம். ஆனால் அவற்றில் ஒரு நூலுக்குக்கூடப் பக்க எண்ணிக்கை தரப்படுவதில்லை. 96 பக்கக் கவிதைத் தொகுப்பும் 900 பக்க நாவலும் அங்கே ஆளுக்கு ஒரு வரி. ஓராண்டு வாசிப்பைத் திட்டமிடுகிறவருக்கு முதலில் வேண்டிய தகவலே அதுதான். அது தெரியாமல் போட்ட திட்டம் பாதியில் படுத்துவிட்டால், 'எனக்குப் பொறுமை போதாது' என்று வாசகர் தன்னையே நொந்துகொள்கிறார். கணக்கே போடாமல் இறங்கியதுதான் கோளாறு என்பது அவருக்குத் தெரிவதில்லை.

போட்டுப் பார்த்துவிடலாம். நூலுக்குச் சராசரி 200 பக்கம் என்றால் 50 நூலுக்கு 10,000 பக்கம். வருடத்தில் 365 நாளும் படிக்க யாருக்கும் வாய்க்காது. காய்ச்சல், பயணம், தேர்வு, வேலை நெருக்கடி எல்லாம் போக 300 நாள் என்று வைத்துக்கொள்வதே நியாயம். ஆக, நாளொன்றுக்கு 33 பக்கத்துக்கு மேல். பக்கத்துக்கு 2 நிமிடம் பிடித்தால் தினமும் ஒரு மணி நேரம் தாண்டிவிடும். எனக்கு அரை மணிதான் கிடைக்கும் என்பவருக்கு அதே 300 நாளில் 150 மணி நேரம், அதாவது 4,500 பக்கம், 22 நூல். 22 ஒன்றும் குறைந்த எண் இல்லை. 50 என்று ஊரறியச் சொன்னபிறகு அது தோல்வியாகத் தெரிகிறது, அவ்வளவே.

'பக்கத்துக்கு 2 நிமிடம்' என்பது பேச்சுக்குச் சொன்னது. அவரவர் வேகத்தை அவரவர்தான் அளக்க வேண்டும். வழக்கமாகப் படிக்கும் நேரத்திலேயே அளக்க வேண்டும். விடுமுறை நாள் காலையில் தெளிந்த மூளையோடு அளந்தால் வரும் எண் வார நாள் இரவில் பொய்த்துவிடும். புத்தகத்தின் முதல் 5 பக்கத்தை விட்டுவிடுங்கள், அங்கே எல்லோருமே மெதுவாகத்தான் போவார்கள். பிறகு 20 நிமிடம் படித்து, எத்தனை பக்கம் நகர்ந்தது என்று எண்ணுங்கள். ஒரு நாவல், ஒரு வரலாற்று நூல், ஒரு மொழிபெயர்ப்பு என மூன்றிலும் தனித்தனியாக. நாவலில் 10 பக்கம் போகிறவர் வரலாற்றில் 6, 7 பக்கம் போனால் அதிசயமில்லை. ஆகவே ஒரே வேகத்தை எல்லா நூலுக்கும் போடக்கூடாது.

இணையத்தில் கிடைக்கும் வேகக் கணிப்பான்களை நம்பித் திட்டம் போடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மௌன வாசிப்பு பற்றி வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மார்க் பிரைஸ்பார்ட் என்ற உளவியலாளர் 2019-இல் தந்த சராசரி, கட்டுரை நூல்களுக்கு நிமிடத்துக்கு 238 சொல், கதை நூல்களுக்கு 260 சொல். இவை ஆங்கிலத்துக்கான எண்கள். 'போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதையே சொல்ல நாலைந்து சொல் ஆகும். அந்த எண்ணைத் தமிழ் நூலில் போட்டுப் பார்த்து 'நான் இவ்வளவு மந்தமா' என்று யாரும் மனம் உடைய வேண்டாம்.

பக்கம் என்பதும் ஒரே அளவில் வருவதில்லை. சிறிய தாளான கிரவுன் அளவில் 240 பக்கம் வந்த நூல், அதைவிடப் பெரிய டெமி அளவு மறுபதிப்பில் கணிசமாகச் சுருங்கும். எழுத்துப் பருமனும் வரி இடைவெளியும் இன்னும் மோசமாக ஏமாற்றும். சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, வரிக்கு எத்தனை சொல், பக்கத்துக்கு எத்தனை வரி என்று எண்ணிப் பெருக்கிவிடுங்கள். அரை நிமிட வேலை. மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் கூடும் என்பதால் அங்கே சதவீதத்தைப் பின்பற்றுவதே சரி. ஆய்வு நூல் என்றால் கடைசிப் பக்க எண்ணைப் பார்க்காமல், நூலின் முடிவில் வரும் குறிப்புகளும் சொல்லடைவும் எங்கே தொடங்குகின்றன என்று பாருங்கள். 400 பக்க நூலில் 70, 80 பக்கம் அதற்கே போயிருக்கலாம். ஒலிநூலுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஓடும் நேரம் அட்டையிலேயே இருக்கும்: 10 மணி நேர நூலை 1.25 வேகத்தில் கேட்டால் 8 மணி.

இந்த அளவுகள் கைக்கு வந்தபின் ஆண்டை மணிக்கணக்கில் பிரிக்கலாம். 150 மணி நேரம் உள்ளவர் 120 மணிக்கு மட்டும் நூல்களை முடிவு செய்தால் போதும். 800 பக்க நாவல் ஒன்று, பக்கத்துக்கு 2 நிமிடம் வீதம் கிட்டத்தட்ட 27 மணி. 300 பக்க வரலாற்று நூல்கள் மூன்று, பக்கத்துக்கு 3 நிமிடம் வீதம் 45 மணி. மிச்சமுள்ள 48 மணியில் 160 பக்க நூல்கள் ஒன்பது அடங்கும். மொத்தம் 13. ஒதுக்காத 30 மணி, நண்பர் கையில் திணிக்கும் புத்தகத்துக்கும், படித்துக்கொண்டிருக்கும் நூலே இழுத்துக்கொண்டு போகும் அடுத்த நூலுக்கும். டிசம்பர் வரை நிரப்பிய பட்டியல் ஏப்ரலிலேயே பள்ளிப் பாடத்திட்டம் மாதிரி ஆகிவிடும். முதல் மூன்று மாதத்துக்குப் பெயர் போடுங்கள், மீதிக்கு வகையை மட்டும் எழுதுங்கள்.

தடிமனான நாவலை 'விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திவைப்பதுதான் அது படிக்கப்படாமலே போக முக்கியக் காரணம். 800 பக்கத்தை ஒரு காலாண்டின் 13 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 62 பக்கம். ஐந்து நாள் படித்தாலும் நாளுக்கு 12, 13தான். பக்கத்தில் ஒரு மெல்லிய நூலையும் வைத்துக்கொண்டால் அலுப்புத் தட்டாது. சில மொழிபெயர்ப்பு நாவல்களில் ஒரே ஆளுக்கு முழுப்பெயர், குடும்பப்பெயர், செல்லப்பெயர் என்று மூன்று பெயர் வரும். பக்க அடையாளமாகச் செருகும் அட்டையிலேயே பெயர்களை எழுதிக்கொண்டு போனால் 200-ஆம் பக்கத்தில் 'இவர் யார்' என்று முதலிலிருந்து புரட்ட வேண்டியிருக்காது. சிறுகதைத் தொகுப்பை மட்டும் பக்கத்தால் பிரிக்காதீர்கள், நாளுக்கு இரண்டு கதை என்று வையுங்கள். கதைக்கு நடுவில் மூடிவைத்தால் மறுநாள் அதே கதையை மீண்டும் தொடங்க வேண்டிவரும். குழுவாகப் படிக்கிறவர்கள் அத்தியாய எண்ணைச் சொல்லிக்கொள்வது நல்லது. ஆளுக்கொரு பதிப்பு வைத்திருக்கும்போது பக்க எண் குழப்பும்.

எதை 'ஒன்று' என்று எண்ணுவது? இதை முதல் வாரத்திலேயே எழுதி வைக்காவிட்டால் டிசம்பரில் மனசாட்சியோடு பேரம் நடக்கும். ஐந்து பாகமாக வரும் சரித்திர நாவல் ஒன்றா, ஐந்தா? மறுவாசிப்புக் கணக்கில் சேருமா? பாதியில் விட்டது? புள்ளிவிவரத் தேவைக்காக யுனெஸ்கோ 1964-இல் வகுத்த விளக்கப்படி, அட்டை நீங்கலாகக் குறைந்தது 49 பக்கம் இருந்தால்தான் அது புத்தகம். அந்தக் கோட்டைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். ஆண்டுக் கடைசியில் 50 பக்கக் கவிதை நூல்களாகத் தேடித்தேடி எண்ணிக்கையை ஒப்பேற்றுவதை அது தடுக்காது என்பதும் உண்மை. கவிதைக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

வகைவாரிச் சவால்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 'மொழிபெயர்ப்பு ஒன்று', 'பெண் எழுத்தாளர் ஒருவர்', '1950-க்கு முன் வந்தது', '500 பக்கத்துக்கு மேல்', 'நாடகம்', 'அறிவியல்' என்று 12 அல்லது 24 கட்டங்கள் தருவார்கள். ஒரு நூல் ஒரு கட்டத்துக்குத்தான் என்பது வழக்கமான விதி. சிக்கல் இங்கேதான் வருகிறது. 1940-களில் ஒரு பெண் எழுதிய, மொழிபெயர்ப்பாக வந்த 600 பக்க நாவல் உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள். அது நான்கு கட்டத்துக்குப் பொருந்தும். ஜனவரி உற்சாகத்தில் அதைப் 'பெண் எழுத்தாளர்' கட்டத்தில் போட்டுவிடுவார்கள். அந்தக் கட்டத்துக்கு வீட்டு அலமாரியிலேயே இருபது நூல் இருக்கும். நவம்பரில் பார்த்தால் '500 பக்கத்துக்கு மேல்' காலியாக இருக்கும், ஐந்து வாரத்தில் இன்னொரு தடிமனான நூலை முடித்தாக வேண்டும்.

இதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். மேலே வரிசையாகக் கட்டங்களின் பெயர், இடப்பக்கம் கையில் உள்ள நூல்களின் பெயர். எது எதற்குப் பொருந்துமோ அங்கெல்லாம் ஒரு புள்ளி. இனி நெடுவரிசைகளைப் பாருங்கள். எதில் புள்ளி மிகக் குறைவோ அதை முதலில் நிரப்புங்கள். 'நாடக'த்தில் ஒரே புள்ளி என்றால் அந்த நூல் அங்கேதான், பேச்சே இல்லை. அந்த நூலையும் கட்டத்தையும் அடித்துவிட்டு, மிச்சப் புள்ளிகளை மறுபடி எண்ணுங்கள். இப்போது வேறொரு கட்டம் மிகக் குறைவானதாகியிருக்கும், அதற்குப் போங்கள். புள்ளியே இல்லாத கட்டங்கள்தான் நீங்கள் நூலகத்தில் தேட வேண்டியவை. இரவல் வாங்க வரிசையில் காத்திருக்க நேரலாம் என்பதால் அந்தத் தேடலை உடனே தொடங்கிவிடுங்கள். 'உங்கள் விருப்பம்' போன்ற கட்டத்தைக் கடைசிவரை தொடவே கூடாது. வேறெங்கும் ஒட்டாத நூலுக்கு அதுதான் புகலிடம்.

பட்டியலில் சேர்க்குமுன் எந்த நூலானாலும் நடுவிலிருந்து 10 பக்கம் படித்துப் பாருங்கள். தொடக்கத்தை எல்லோரும் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்; நடுவில்தான் நடை தெரியும், மொழிபெயர்ப்பாளரின் கையும் தெரியும். அப்படியும் சில நூல்கள் ஓடாது. எப்போது கைவிடலாம் என்பதற்கு அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் சொன்ன விதி வசதியானது: 50 வயது வரை 50 பக்கம் அவகாசம் கொடுங்கள், அதற்கு மேற்பட்டவர்கள் 100-இலிருந்து வயதைக் கழித்துக்கொள்ளலாம். 70 வயதுக்காரர் 30 பக்கத்தில் மூடிவிடலாம். கைவிட்ட நூலின் பெயரையும் நின்ற பக்கத்தையும் குறித்து வையுங்கள். ஒரே வகை நூல்கள் மூன்று அப்படி நின்றிருந்தால், அந்த வகையை அடுத்த ஆண்டு குறைக்க அது போதுமான சான்று.

பதிவேடு எளிமையாக இருந்தால்தான் நிலைக்கும். தொடங்கிய நாள், முடித்த நாள், பக்கம், ஒரு வரி. போதும்.

பின்தங்கினால் என்ன செய்வது? விட்ட 10 நாளை ஈடுகட்ட நாளுக்கு இரட்டிப்புப் பக்கம் படிக்க முயல்கிறவர்கள் நாலாம் நாள் மொத்தமாக நிறுத்திவிடுகிறார்கள். மிச்சமுள்ள பக்கத்தை மிச்சமுள்ள நாளால் வகுத்தால், பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கம்தான் கூடும். ஜூன் முடிவில் ஒருமுறை மொத்தக் கணக்குப் பாருங்கள். அதுவரை முடித்திருக்க வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் இலக்கைக் குறைத்துவிடுவதே மேல். இலக்கை அப்படியே வைத்துக்கொண்டு நூல்களை மெலிய வைப்பதுதான் இந்தச் சவால்களின் பழைய வியாதி.

தங்களிடம் கேட்பது இரண்டுதான். நூல் அறிமுகப் பகுதியில் தலைப்போடு பக்க எண்ணிக்கை, நூலின் அளவு, பதிப்பு ஆண்டு, மொழிபெயர்ப்பானால் மொழிபெயர்த்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு வரியில் தாருங்கள். ஜனவரியில் உறுதிமொழிகளை வெளியிடும் அதே இடத்தை ஜூலை முதல் வாரத்திலும் ஒருமுறை ஒதுக்கி, யார் எதைக் கைவிட்டார்கள், எத்தனையாவது பக்கத்தில் என்று வாசகர்களை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்