பாப்பாவின் அறைச் சுவர்

அன்புள்ள மகளுக்கு,

மாடி அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. பாப்பா வெள்ளைதான் கேட்டாள். ப்ளஸ் ஒன் படிக்க மதுரைக்கு வருவதையே அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சரி, வரட்டும்.

சுவருக்கு பாப் ஆர்ட் வேண்டுமாம், கடைச் சாமான், சினிமா முகம், காமிக்ஸ் இதையெல்லாம் ஓவியமாக்குகிற வகை. படங்களாக அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் சூப் டப்பாக்கள், 1962இல் செய்தது, மொத்தம் 32, ஒவ்வொன்றும் ஒரு வகை சூப். அவர் செய்த நடிகை மர்லின் மன்றோ படமும் இருக்கிறது. அது ஸ்கிரீன் பிரிண்டிங் அம்மா! மாசி வீதி ஜவுளிக்கடைகளுக்கு நாம் மஞ்சப்பை அடித்த அதே வேலை. உதட்டுச் சிவப்பு கோட்டைத் தாண்டி நிற்கிறது. நம் பட்டறையில் கலர் இப்படி விலகினால் கடைக்காரர் பையைத் திருப்பி அனுப்பிவிடுவார். வார்ஹோல் அப்படியே விட்டுவிட்டார், அதில்தான் அந்த முகத்துக்கு உயிரே.

லிக்டன்ஸ்டைன் என்ற இன்னொரு பாப் ஆர்ட் ஓவியரின் படத்தைப் பார்த்து, "தாத்தா, சிவகாசி காலண்டர் புள்ளி!" என்று எழுதியிருக்கிறாள். அச்சுப் புள்ளியைத்தான் அவர் பெரிதாக்கி வரைந்தார். யாரும் சொல்லாமல் கண்டுபிடித்திருக்கிறாள். உன் கண் அவளுக்கு. நீயும் லென்ஸும் கையுமாகப் பட்டறையில் உட்கார்ந்திருந்தவள்தானே. படம் வரைவதை ஏன் விட்டாய் என்றால் நேரமில்லை என்கிறாய். போன் பேசவும் நேரமில்லை.

நாலு சுவரிலும் மாட்ட வேண்டாம் என்று சொல். கட்டிலுக்கு மேலே மட்டும் போதும், மற்றது வெள்ளையாக இருந்தால்தான் கலர் எடுத்துக்காட்டும். மேற்கு ஜன்னல் வெயில் படவே கூடாது, ரோஸ் வெளுத்துவிடும். ஒட்டுகிற வினைல் வேண்டாம், உரிக்கும்போது பெயிண்டோடு வரும். காசு கொடுத்தும் வாங்க வேண்டாம். அவள் முகத்தையே நாலு கலரில் நான் அடித்துத் தருகிறேன். பழைய ஸ்கிரீன் பிரேம் இருக்கிறது, துணி மட்டும் மாற்ற வேண்டும்.

நல்ல போட்டோ ஒன்று அனுப்பு. மூன்று பேரும் சேர்ந்து எடுத்தது இருந்தால் அதுவும். தீபாவளிக்கு அப்புறம் அப்படி ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளை எங்கள் போனை எடுப்பதில்லை. வேலை அதிகமாக இருக்கும். நீ சாப்பிடுகிறாயா?

வெயில் விஷயத்தை மறக்காமல் சொல்.

படத்துக்கு அளவு எடுக்கக் கட்டில் எங்கே வரும் என்று தெரிய வேண்டும். ஆசாரி வெள்ளிக்கிழமை வருகிறார். கட்டில் பாப்பாவுக்கு மட்டும் போதுமா, உனக்கும் சேர்த்துச் சொல்லவா? அதற்குள் பதில் போடு.

அப்பா