யாரையும் கோரேஸ் என்று அறிவிக்கும் முன்: போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தீர்க்கதரிசன நூல்களைப் பிரசங்கிக்கும் அன்பான போதகர்களுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் பிரசங்கங்களைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சபை விசுவாசி ஒருவன் எழுதுகிறேன். ஏசாயாவையும் எரேமியாவையும் தானியேலையும் ஆசையோடு வாசிக்கப் பழக்கியவர்கள் நீங்கள்தான். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். இன்று பதவியில் இருக்கிற எந்தத் தலைவரையும் 'இந்தக் காலத்துக் கோரேஸ்' என்று மேடையில் அறிவிக்காதீர்கள். எங்கோ ஒரு நாட்டில் தேர்தல் முடிவு வந்த மறுவாரமே, பெர்சிய ராஜா கோரேசைப் பற்றிய ஏசாயா 45-ஐத் திறந்து வைத்து, கர்த்தர் எழுப்பினவர் இவர்தான் என்று முத்திரை குத்தாதீர்கள்.

இது நம் சபைகளில் மட்டும் நடப்பதில்லை. 2018-ல் எருசலேமில் ஓர் அமைப்பு, கோரேசின் முகத்தையும் அமெரிக்க அதிபர் டிரம்பின் முகத்தையும் சேர்த்துப் பொறித்து ஒரு நாணயமே வெளியிட்டது. அமெரிக்கப் பிரசங்கியார்கள் பலர் அதே ஒப்பீட்டைச் சொன்னார்கள். அங்கே பேசியது அப்புறம் இங்கே தமிழில் ஒலிக்கிறது.

கர்த்தர் ராஜாக்களைத் தள்ளி ராஜாக்களை ஏற்படுத்துகிறவர் என்று தானியேல் சொன்னதை நான் முழு மனதோடு நம்புகிறேன். ஜாதிகள், அதாவது தேசங்கள், அவர் கைக்கு வெளியே இல்லை. கேள்வி அதுவல்ல. அவர் ஒரு ராஜாவைப் பயன்படுத்துகிறார் என்றால், அந்த ராஜாவைப் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பதுதான் கேள்வி.

கோரேசையே எடுத்துக்கொள்வோம். கி.மு. 539-ல் பாபிலோன் அவர் படையிடம் விழுந்தது. சிறைப்பட்டுப்போன யூதர்கள் திரும்பிப் போய் ஆலயத்தைக் கட்டலாம் என்று அவர் கட்டளையிட்டதை எஸ்றா புத்தகத்தின் தொடக்கத்தில் வாசிக்கிறோம். ஏசாயா அவரை அபிஷேகம் பெற்றவர் என்கிறார். இவ்வளவையும் நீங்கள் சொல்கிறீர்கள். அதே அதிகாரத்தில் "நீ என்னை அறியாதிருந்தும்" என்று கர்த்தர் இரண்டு முறை சொல்வதை மட்டும் வேகமாகக் கடந்துவிடுகிறீர்கள். 1879-ல் பாபிலோனின் இடிபாடுகளில் கிடைத்த கோரேசின் களிமண் உருளை இப்போது லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீதியுள்ள ஒரு ராஜாவை எல்லாத் தேசங்களிலும் தேடி, கோரேசைப் பேர் சொல்லி அழைத்தது மர்துக் என்று அது சொல்கிறது. மர்துக் பாபிலோனின் தெய்வம். எருசலேமைப் பற்றியோ யூதரைப் பற்றியோ அந்த உருளையில் ஒரு வரியும் இல்லை.

இதைச் சொன்னால் விசுவாசம் ஆட்டம் காணும் என்று தயவுசெய்து பயப்படாதீர்கள். ஏசாயா சொன்னதே அதுதானே? தன்னை யார் நடத்துகிறார் என்று அந்த ராஜாவுக்கே தெரியாது. அப்படியானால் அவர் பக்திமான் என்றோ, அவர் செய்தது எல்லாம் நீதி என்றோ, அவரை எதிர்ப்பவர்கள் தேவனை எதிர்ப்பவர்கள் என்றோ அந்த அதிகாரத்திலிருந்து எடுக்கவே முடியாது. மேடையில் எடுக்கப்படுவது மட்டும் அந்த மூன்றும்தான்.

அசீரியாவைப் பாருங்கள். ஏசாயா 10-ல் அசீரியன் கர்த்தருடைய கோபத்தின் கோல். ஆனால் அந்த வசனம் தொடங்குவதே 'ஐயோ' என்றுதான். அவனோ தன்னைக் கோல் என்று எண்ணவில்லை. அநேகம் ஜாதிகளைச் சங்கரிப்பதே அவன் நினைவு. பிறகு வருகிறது அந்தக் கேள்வி: வெட்டுகிறவனுக்கு விரோதமாகக் கோடரி மேன்மை பாராட்டலாமா? கி.மு. 701-ல் யூதாவுக்குள் புகுந்த அசீரிய ராஜா சனகெரிப், அரணான 46 பட்டணங்களைப் பிடித்ததாகவும், யூதாவின் ராஜா எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமுக்குள் அடைத்ததாகவும் தன் கல்வெட்டில் பெருமை பேசினான். இருபது வருஷம் கழித்து அவன் சொந்தக் குமாரரே அவனைக் கொன்றார்கள். கி.மு. 612-ல் அசீரியாவின் தலைநகரான நினிவேயும் அழிந்தது. கோலாக இருந்தது அவனுக்கு நற்சாட்சிப் பத்திரம் ஆகவில்லை.

பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரும் அப்படித்தான். எரேமியா 27-ல் கர்த்தர் அவனை என் ஊழியக்காரன் என்கிறார். ஆலயத்தைச் சுட்டெரித்தது அவன் சேனைதான். அதே எரேமியாவின் புத்தகம் 50, 51-ஆம் அதிகாரங்களில் பாபிலோன்மேல் எவ்வளவு பெரிய தண்டனையைச் சொல்கிறது! ஊழியக்காரன் என்ற அந்தப் பெயர் பாபிலோனைக் காப்பாற்றவில்லை.

இங்கே அனனியா என்ற தீர்க்கதரிசியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எரேமியா 28-ஐ நம் கூட்டங்களில் நான் அதிகம் கேட்டதில்லை. தீர்க்கதரிசனம் சொல்கிற எல்லாரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது வாசிக்க வேண்டிய அதிகாரம் அது. ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்க்க, அனனியா எழுந்து நிற்கிறான். இரண்டு வருஷத்துக்குள் பாபிலோன் ராஜாவின் நுகம் முறிந்துபோகும், கொண்டுபோன பணிமுட்டுகள் திரும்ப வரும் என்று கர்த்தரின் பேரால் சொல்கிறான். தேதி துல்லியம், செய்தி இனிமை, தேசபக்தி நிரம்பி வழிகிறது. எரேமியாவின் பதிலைக் கவனியுங்கள்: ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக. அவருக்கும் அது நடக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனாலும் தன் ஆசையைக் கர்த்தரின் வார்த்தை என்று அவர் சொல்லவில்லை. பாபிலோனுக்குப் பணியுங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா தன் கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தை அனனியா எல்லார் முன்னாலும் உடைத்தான். எரேமியா ஒன்றும் பேசாமல் தன் வழியே போனார். பிறகு கர்த்தருடைய வார்த்தை வந்தபோதுதான் திரும்பி வந்து பேசினார். அந்த வருஷமே அனனியா செத்தான். சில வருஷங்களில் எருசலேம் எரிந்தது. எரேமியா சொல்லியிருந்ததோ எழுபது வருஷம்: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்.

அனனியாவின் வழியில் போனவர்கள் பிறகும் உண்டு. தானியேல் 8-ல் வரும் 2300 நாட்களைக் கணக்குப் போட்டு, அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரின் இயக்கம் கிறிஸ்து திரும்பி வரும் நாளாக 1844 அக்டோபர் 22-ஐக் குறித்தது. அந்த நாளும் போனது. நம்பியவர்கள் எவ்வளவு நொறுங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து நோட்டில் குறிப்பெடுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது நடக்கக்கூடாது என்றுதான் எனக்குக் கவலை.

இன்னொன்று. ஜாதிகளைப் பற்றிய தீர்க்கதரிசனம் என்றாலே இஸ்ரவேலின் எதிரிகளுக்கு வரும் அடி என்று சுருக்கிவிடுகிறோம். ஆமோஸ் 2-ல் மோவாப் தண்டிக்கப்படுவது எதற்காக? ஏதோம் ராஜாவின் எலும்புகளை நீறாகச் சுட்டதற்காக. மோவாபும் இஸ்ரவேல் அல்ல, ஏதோமும் இஸ்ரவேல் அல்ல. இரண்டு அந்நிய ஜாதிகளுக்கு நடுவே நடந்த ஒரு கொடுமையைக் கர்த்தர் கணக்கில் வைத்திருந்தார். அதே ஆமோஸ், பெலிஸ்தரையும் சீரியரையும் அவரவர் இடங்களிலிருந்து கொண்டுவந்ததும் கர்த்தர்தான் என்கிறார். ஏசாயா 19-ல் எகிப்து 'என் ஜனம்', அசீரியா 'என் கரத்தின் கிரியை'. ஒரு கட்சிக்கோ ஒரு நாட்டுக்கோ சாட்சி சொல்ல இந்தத் தேவனைக் கூப்பிட முடியாது.

கடைசியாக, தானியேல் 4. ஏழு காலம் மிருகத்தைப்போல் புல் மேய்ந்த ராஜா நேபுகாத்நேச்சாரின் கதையை நீங்கள் அருமையாகச் சொல்வீர்கள். கனவு, மரம், "நான் கட்டின மகா பாபிலோன்" என்ற அந்தப் பெருமை, எல்லாம் வரும். (அவன் பெயர் பதித்த செங்கற்கள் இன்றும் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.) ஆனால் 27-ஆம் வசனம் வருவதில்லை. கனவின் அர்த்தத்தைச் சொல்லி முடித்த கையோடு தானியேல் அந்த ராஜாவைப் பார்த்து, நீதியைச் செய்யும், சிறுமையானவர்களுக்கு இரங்கும் என்கிறார். உயிரை எடுக்க அதிகாரம் உள்ளவன் முன் நின்று சொன்ன வார்த்தை அது. சொன்ன பிறகு பன்னிரண்டு மாதம் அவனுக்கு அவகாசமும் இருந்தது.

நான் கேட்பது இதுதான். அடுத்த முறை ஒரு தலைவரின் பெயரை மேடையில் சொல்லத் தோன்றினால், அவர் ஆட்சியில் சிறுமையானவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள். நம்மை ஆளுகிறவர்கள் வாழ்த்துப் பெறச் சபைக்கு வந்தால், அவர்களுக்காக ஜெபியுங்கள். அதே மேடையில் தானியேல் 4:27-ஐச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நாங்களும் எழுந்து நின்று கேட்கிறோம்.

கர்த்தருக்குள் அன்புடன்,
உங்கள் சபை விசுவாசி