குளங்களின் பக்கத்தைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியில் உள்ள குளங்களைப் பற்றி 2003இல் நான் தொடங்கிய இணையத்தளம் போன மாதம் புது வழங்கிக்கு (சேர்வருக்கு) மாறிவிட்டது. பழைய பக்கங்கள் எல்லாவற்றையும் இப்போது கைத்தொலைபேசியிலும் வாசிக்கலாம். வாழ்த்துச் சொல்லிப் பலர் எழுதியிருந்தீர்கள். "தனி ஆளாக நின்று இவ்வளவு காலம் நடத்துகிறீர்களே" என்று அநேகமாக எல்லாருமே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரி சரியில்லை, அதற்காகத்தான் இந்த மடல். தளத்தின் அடியில் என் பெயர் கிடக்கிறது, உண்மை. ஆனால் அது இடையில் இரண்டு மூன்று தரம் செத்துப் பிழைத்தது. பிழைக்க வைத்தவர்கள் வேறு ஆட்கள். பெயர் போட வேண்டாம் என்று அவர்களில் பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். மற்றப் பாதியின் பெயரை மட்டும் போட்டால் நன்றாக இராது. ஆகவே ஒருவர் பெயரும் இல்லை. வாசிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி வவுனியா நெட் கபே அண்ணைக்கு.

2002இல் போர்நிறுத்தத்தோடு ஏ9 பாதை (வன்னியூடாகப் போகும் கண்டி–யாழ்ப்பாண வீதி) திறந்த பிறகுதான் இது எல்லாம் நடக்கக்கூடிய காரியமானது. நான் அப்போது கிளிநொச்சியில் ஒரு கணினி வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு மின்சாரம் கிடையாது. பின்னேரம் ஜெனரேட்டர் ஓடும், வகுப்பு முடிந்து அது நிற்கும் வரை கிடைக்கிற நேரத்தில் நோட்பாடில் பக்கங்களைத் தட்டுவேன். தட்டியதை ஃபிளொப்பியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஓமந்தையால் வவுனியாவுக்குப் போக வேண்டும். ஒரு ஃபிளொப்பியில் 1.44 எம்பிதான் கொள்ளும். குளத்துப் படம் ஒன்றை ஸ்கேன் பண்ணி அப்படியே வைத்தால் வேறொன்றுக்கும் இடமிராது. அதனால் படங்களை முத்திரை அளவுக்குச் சுருக்கித்தான் போட்டேன். பழைய பக்கங்களில் அவ்வளவு பெரிய இரணைமடுக் குளம் ஏன் குட்டை மாதிரித் தெரிகிறது என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

அண்ணையின் கடையில் தொலைபேசி வழி இணைப்பு. பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது கடைக்கு யாராவது அழைப்பு எடுத்தால் சில வேளை இணைப்பு அறுந்துவிடும், திரும்பவும் முதலில் இருந்து. பகலில் இது சரிவராது என்று கண்டுகொண்டு, கடையைப் பூட்டிய பிறகு வரச் சொன்னார். கதவைப் பாதி இறக்கிவிட்டு, "தம்பி, நீ ஏத்திக்கொண்டிரு, நான் கொத்துரொட்டி கட்டிக்கொண்டு வாறன்" என்று போவார். இரவு அவர் வீட்டில்தான் படுக்கை. இரவு நேரத்துக்கு அவர் காசு எழுதியதே இல்லை. நான் கொடுத்தால், "பகல்ல வந்து ஒரு மணித்தியாலம் சும்மா இருந்திட்டுப் போ, அதுக்கு எடுக்கிறன்" என்பார்.

2004 மார்கழி 26இல் ஆழிப்பேரலையாகக் கடல் வந்த பிறகு அந்தத் தளத்தின் மின்னஞ்சல் பெட்டி நிரம்பி வழிந்தது. முல்லைத்தீவுப் பக்கத்து ஊர்ப் பெயர்களை இணையத்தில் தேடியவர்களுக்கு என் பக்கம் அகப்பட்டிருக்கிறது. குளத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கள்ளப்பாட்டில் இன்னார் வீட்டார் எங்கே, செல்வபுரத்தில் இன்னார் இருக்கிறாரா என்பதுதான் எல்லாக் கடிதமும். அண்ணை அத்தனையையும் தாளில் அச்சடித்து, ஊர் ஊராகப் பிரித்து, மேலே ஊர்ப் பெயரைப் பேனையால் எழுதித் தந்தார். அந்தக் கட்டை நான் முல்லைத்தீவுக்குக் கொண்டுபோய், மக்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடங்களில் ஆட்களைத் தேடிக் கொடுத்தேன். பதில்களை அடுத்த பயணத்தில் அவர்தான் தட்டச்சு செய்து அனுப்பினார். தளத்தால் ஏதாவது பிரயோசனம் உண்டா என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை இது. அதில் என் பங்கு பஸ் ஏறியது மட்டும்தான்.

அடுத்தது வட்டவிதானை ஐயா, குளத்துத் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விட்டவர். அவர் இப்போது இல்லை. இந்த மடலை அவருடைய மக்கள் வாசிப்பார்கள் என்று தெரியும்.

இரணைமடுவைப் பற்றி எழுத ஆள் குறைவில்லை. பிரிட்டிஷ் காலத்தில் ஹென்றி பாக்கர் என்ற பொறியியலாளர் திட்டம் வரைந்தது தொடக்கம் 2018 மார்கழி வெள்ளத்தில் வான்கதவுகளை (மிகைநீரை வெளியே விடும் கதவுகளை) திறந்தது வரை பதிவுகள் இருக்கின்றன. வவுனிக்குளம், முத்துஐயன்கட்டு, அக்கராயன் எல்லாம் அப்படித்தான். காட்டுக்குள் கிடக்கிற சின்னக் குளங்களுக்குத்தான் எழுத்தில் ஒன்றும் இல்லை. பலதுக்கு வரைபடத்தில் பெயர்கூடக் கிடையாது. அவை ஐயாவைப் போன்றவர்களின் தலைக்குள்தான் இருந்தன.

நான் முதலில் குளங்களைத் தனித் தனியாக ஒவ்வொரு பக்கம் போட்டு எழுதிக்கொண்டு போனேன். ஐயா அதைக் கேட்டுவிட்டு முற்றத்தில் குந்தினார். தடியால் மணலில் ஒரு கோடு இழுத்தார், அது ஓடை. கோட்டின் மேல் உடைந்த ஓட்டுத்துண்டுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தார். மேல் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க் குளத்துக்குப் போகும். மேல் குளத்து வயலில் பாய்ந்து கழிகிற தண்ணீரும் அங்கேதான் போகும். மேலே ஒன்றைத் தூர்க்கவிட்டால் கீழே உள்ளது மாரியில் நிறைவெள்ளத்தைத் தாங்காமல் உடைப்பெடுக்கும், கோடையில் கெதியாக வற்றும். "இதுகள் ஒரு குடும்பம், நீ ஆளையாள் பிரிச்சு எழுதுறாய்" என்றார். தளத்தில் இன்றைக்கும் குளங்கள் ஊர்வாரியாக இல்லாமல் ஓடைவாரியாக இருப்பது அதனால்தான். வெளிநாட்டில் இருந்து நீரியல் படித்த ஒருவர், இந்த ஒழுங்கு மிக நல்லது, யாருடைய யோசனை என்று கேட்டு எழுதியிருந்தார். நான் ஐயாவின் ஊரையும் தொழிலையும் எழுதி அனுப்பினேன். துருசுக்கட்டில் (மதகில்) எத்தனையாவது படி தெரிகிறது என்பதைப் பார்த்தே சிறுபோகத்துக்கு (கோடை விதைப்புக்கு) எவ்வளவு காணி விதைக்கலாம் என்று சொல்லும் மனிதர் அவர். பட்டம் ஒன்றும் இல்லை.

2006 ஆவணியில் பாதை பூட்டியது. அதோடு தளம் அப்படியே நின்றது. அதற்குப் பிறகு 2009 வைகாசி வரை நடந்த போரும், இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமும் எல்லாருக்கும் தெரிந்தவை. இந்த மடல் அதற்குரியதல்ல. கணினி, ஃபிளொப்பிகள், படச்சுருள்கள், ஐயா சொல்லச் சொல்ல எழுதிய கொப்பிகள் எல்லாம் வழியில் போயின. முகாமில் இருந்து வெளியே வந்து ஒருநாள் தளத்தைத் திறந்து பார்த்தால் அதுவும் இல்லை. அந்தக் காலத்தில் இலவசமாக இடம் கொடுத்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் பெரிய ஜியோசிட்டீஸே 2009 ஒக்டோபரில் மூடியது. என் பக்கங்கள் இருந்தது அதைவிடச் சின்ன ஓரிடத்தில். எப்போது போனது என்றுகூடத் தெரியாது.

ரொறன்ரோ மச்சான், இனி உன் முறை.

சமாதான காலத்தில் வெளிநாட்டில் இருந்து பலர் ஊர் பார்க்க வந்தார்கள். அதில் ஒருவன், என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, 2005இல் வந்து நின்றபோது தளத்தை அப்படியே ஒரு சீடியில் எழுதிக் கொண்டுபோனான். அங்கே இணையம் இருக்க உனக்குச் சீடி எதற்கு என்று நான் பகிடி பண்ணினேன். அந்தச் சீடி அவன் வீட்டில் கலியாண வீட்டு வீடியோ சீடிகளுக்கு நடுவில் கிடந்திருக்கிறது. முகாமில் இருந்து வெளியே வந்து அவனோடு முதல் முதல் தொலைபேசியில் கதைத்தபோது உயிரோடு இருப்பவர்கள், இல்லாதவர்கள் என்று கதைத்து முடித்து, வைக்கப் போகும் நேரத்தில்தான் சொன்னான்: "டேய், உன்ர குளம் என்னட்டக் கிடக்குது." 2005 வரை எழுதியவை முழுவதும் அதில் இருந்தன. ஐயா சொன்னவையும் சேர்த்துத்தான். அதற்குப் பிறகு ஏற்றியவற்றில் கொஞ்சம், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் கிடைத்தது. எழுத்து வந்தது, படங்கள் அநேகமாக வரவில்லை. அப்படி ஒரு சேமிப்பை 1996இல் இருந்து கட்டிக் காக்கிறவர்களுக்கும் ஒரு கும்பிடு.

சீடி கிடைத்தவுடன் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. எல்லாம் பாமினி. புதுப் பிள்ளைகளுக்கு இது விளங்காது, சொல்கிறேன். பாமினியில் தட்டினால் கணினியைப் பொறுத்தவரை அது தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு அது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும், மெய்யெழுத்துக்குப் புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாக ஒரு பக்கம் வந்து நிற்கும். தேடுபொறிக்கும் அது அப்படித்தான் தெரியும்.

கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்க வந்த தங்கச்சி ஒருத்தி இதைக் கையில் எடுத்தாள். சுரதா யாழ்வாணன் இணையத்தில் இலவசமாக வைத்திருந்த பொங்குதமிழ் மாற்றியை அதற்கு முன்பே நான் பாவித்துப் பார்த்திருந்தேன். அவருக்கும் இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டும், எத்தனையோ ஈழத்துப் பக்கங்கள் யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கணினியும் தமிழாகவே அறிகிற குறியீட்டுக்கு, வந்தது அந்த மாற்றியால்தான். ஒரு பந்தியை ஒட்டினால் ஒரு பந்தி வரும். நூற்றுக்கணக்கான பக்கங்களை அப்படி ஒட்டி எடுக்க யாரால் முடியும்? முழுப் பக்கத்தையும் கொடுத்தால் இடையில் இருக்கிற, பக்கத்தை வடிவமைக்கும் எச்டிஎம்எல் குறிகளும் தமிழ் எழுத்தாக மாறிக் குழம்பிவிடும். அவள் குறிகளைத் தொடாமல் எழுத்தை மட்டும் மாற்றுகிற மாதிரி பைத்தனில் ஒரு நிரல் எழுதினாள்.

அதோடும் விடவில்லை. "மாரி" என்று தேடினால் மாரி மழையைப் பற்றிய பக்கங்களில் பாதிதான் வருகிறது என்று கண்டுபிடித்தவள் அவள்தான். பாமினியில் ‘ர’வுக்குப் பதிலாக அரவை (ா) அடித்து விசிறி (ி) போட்டாலும் கண்ணுக்கு அதே ‘ரி’தான். அந்தக் காலத்தில் எல்லாரும் கைக்கு வந்ததை அடித்தோம். யூனிகோடுக்கு வந்தபோது ஒன்று ‘ரி’, மற்றது ‘ாி’. ‘கௌ’வும் ‘கெள’வும் அதே கதை. கௌதாரிமுனைச் சிவன் கோயில் பக்கத்தில் அந்த ஒரு பெயருக்குள்ளேயே இரண்டு சிக்கலும் இருந்தன, அதனால் அந்தப் பக்கம் எந்தத் தேடலிலும் வராது. எல்லாவற்றையும் திருத்தி, கடைசியில் எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: "சேர், இப்ப கௌதாரிமுனையைத் தேடுங்கோ." தேடினேன், முதலாவதாக வந்தது. தங்கச்சி, பரீட்சைக் காலத்தில் இதைச் செய்தாய் என்று உன் அம்மா சொல்லித்தான் பிறகு தெரியும்.

இனிக் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் முடியாது.

மிதிவெடி அகற்றிய பிள்ளைகளுக்கு. மீள்குடியேறிய புதிதில் சில குளக்கட்டுகளில் சிவப்புப் பலகை நட்டிருந்தது. எந்தக் கட்டில் ஏறலாம், எதில் ஏறக்கூடாது என்று வேலையில் இருந்தவர்கள் மினக்கெட்டுச் சொல்லித் தந்தார்கள். அவர்களில் பெண்கள் நிறையப் பேர், வெயிலில் அந்தக் கவசத்தோடு முழந்தாளில் இருந்து வேலை செய்தவர்கள். இன்று தளத்தில் உள்ள புதுப் படங்களில் பல அவர்கள் துப்புரவாக்கித் தந்த நிலத்தில் நின்று எடுத்தவை.

நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வுபெற்ற படவரைஞர் ஐயாவுக்கு. பழைய ஒரு அங்குல வரைபடங்களை (ஒரு மைலுக்கு ஒரு அங்குலம்) எப்படி வாசிப்பது என்று படிப்பித்ததற்கு. ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலகம் திட்டத்தின் தன்னார்வலர்களுக்கு. 2005இல் இருந்து அவர்கள் சேர்த்து வைத்த கோயில் மலர்களும் பள்ளிக்கூட மலர்களும் இல்லாவிட்டால் ஊர்களைப் பற்றிய பகுதி அரைவாசிதான் இருந்திருக்கும். வான் பாய்ந்தால் அடுத்த நிமிடம் படம் அனுப்புகிற கமக்கார அமைப்புக்காரருக்கு. வீட்டுக்காரிக்கு நன்றி சொன்னால் சிரிப்பாள். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

சிலர் அன்பாகத்தான் கேட்கிறார்கள்: இந்தக் காலத்தில் தனித் தளம் எதற்கு, சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் திறந்தால் ஆட்கள் கூடவே பார்ப்பார்களே என்று. பார்ப்பார்கள், அன்றைக்கு. போன வருடம் போட்டதைத் தேடி எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். பக்கங்களை அலங்காரம் இல்லாமல் வெறும் கோப்பாக வைத்திருப்பதும் காரணத்தோடுதான். அப்படி இருந்தபடியால்தான் ஒரு சீடியில் முழுவதும் அடங்கியது. இப்போதும் யார் வேண்டுமானாலும் முழுத் தளத்தையும் இறக்கி வைக்கலாம். முகப்பில் அதற்கு ஓர் இணைப்பு இருக்கிறது. தயவுசெய்து இறக்கி வையுங்கள், கேட்க வேண்டியதில்லை.

கடைசியாகச் சுவிஸ் அக்கா. தளத்துக்குச் சொந்தப் பெயரும் சொந்த இடமும் வாங்க வேண்டும் என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத இவ, முதல் வருடக் காசைக் கட்டிவிட்டு அறிவித்தா. அன்று தொடக்கம் ஒவ்வொரு வருடமும் இவதான் கட்டுகிறா. கனகராயன் ஆற்றங்கரையில் பிறந்தவ, முப்பது வருடத்துக்கு மேலாக ஊருக்கு வரக் கிடைக்கவில்லை. காசைத் திருப்பித் தருகிறேன் என்றால், "எங்கட ஓடைப் பக்கத்தில இன்னும் நாலு படம் போடு, காணும்" என்கிறா. படங்கள் போட்டாயிற்று, அக்கா. இன்னொன்றும் செய்திருக்கிறேன். வருகிற வருடத்துக்குரிய காசை இந்தமுறை நானே கட்டிவிட்டேன். ரசீது வட்ஸ்அப்பில் இருக்கிறது. சண்டை பிடிக்க வேண்டாம், திருப்பி எடுக்க ஏலாது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
தளத்தை நடத்துகிறவன்
ஒட்டுசுட்டான்