கன்று விற்றால் தீவனக் காசு வருமா?

ஆசிரியருக்கு,

மாதவரத்தில் நான்கு கறவை மாடு வைத்திருக்கிறேன். அயர்லாந்தில் இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகளில் பால் கறப்பதே இல்லை, முழுவதையும் கன்றே குடிக்கும் என்று அங்கே வேலைக்குப் போன மச்சான் சொன்னபோது சிரிப்புதான் வந்தது. கணக்குப் போட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. சினைக்காலம் 9 மாதத்துக்கு மேல், ஆக வருடத்துக்கு ஒரே கன்று. அது விற்ற காசில்தான் தாய்க்கு வருடம் முழுக்கப் போட்ட தீவனம், மருந்து, குளிர்காலக் கொட்டகைச் செலவு எல்லாம் எடுக்க வேண்டும். சினை பிடிக்காத வருடம் செலவு மட்டும்தான் மிச்சம். ஐரோப்பிய ஒன்றிய மானியம் இல்லையென்றால் பலர் கையில் ஒன்றும் நிற்காதாம்.

நம் கதை? பால் தினமும் காசு தருகிறது, சரி. ஆனால் மேய்ச்சல் நிலம் கிடையாது, வைக்கோல் திருவள்ளூர் பக்கமிருந்து வண்டியில் வர வேண்டும், பிண்ணாக்கும் தவிடும் கடைச்சரக்கு. பால் வற்றிய இரண்டு மாதமும் அதே வயிறுதானே. காளைக் கன்று பிறந்தால் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. மாட்டை ரோட்டில் விட்டால் அபராதம் போடட்டும், தப்பில்லை. பால் விலை ஏறியது என்று செய்தி போடும்போது தீவன விலையையும் பக்கத்தில் போடுங்கள்.

ஒரு மாட்டுக்காரர்,
மாதவரம், சென்னை